விஜயநகரத்தை முடித்தது தலைக்கோட்டையா, வேலூர்க் கோட்டையா?

1565-ல் தக்காணச் சுல்தான்களிடம் தோற்ற தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரம் முடிந்தது என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். தலைநகர் அழிந்தது உண்மை. ஆனால் பேரரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறி இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1586-ல் அரியணை ஏறிய இரண்டாம் வேங்கடபதி ராயர் கலகக்காரர்களை அடக்கி, ஓரளவு தூக்கியும் நிறுத்தினார். என்னைக் கேட்டால், அதன் முதுகெலும்பை முறித்தது 1614-ல் அவர் இறந்ததும் வேலூரில் வெடித்த வாரிசுச் சண்டைதான்.

ராயருக்கு ஆண் வாரிசு இல்லை. ராணிகளில் ஒருத்தி, வெளியிலிருந்து கொண்டுவந்த குழந்தையைத் தன் பிள்ளை என்று வளர்த்தாள். ராயருக்கும் அது தெரியும் என்கிறது ஏசு சபைப் பாதிரியார் பராதாஸ் 1616-ல் எழுதிய கடிதம். தெரிந்தும் வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாகும் தறுவாயில் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டு அரசுரிமைக்கு அடையாளமான மோதிரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ராணியின் பிறந்த வீட்டுக்காரனான ஜக்கராயன், அவள் வளர்த்த பிள்ளையை அரியணை ஏற்றுவதற்காக ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறை வைத்தான். ஸ்ரீரங்கன் பக்கம் நின்ற யாசம நாயக்கர், ஒரு வண்ணார் மூலம் அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து ஸ்ரீரங்கனின் மகன் ராமனை (பின்னாளில் ராமதேவன்) மட்டும் வெளியே கடத்தினார். (உயிரைப் பணயம் வைத்த அந்த வண்ணாரின் பெயர் எங்கும் இல்லை. யாசமரின் பெயர் மட்டும் காவியம் ஏறிவிட்டது.) உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் குடும்பத்தோடு மாண்டார்கள்.

ஜக்கராயன் கொடியவன், சரி. ஆனால் பழி முழுவதையும் அவன் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ராயரின் மௌனத்துக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஜக்கராயன் பக்கம் மதுரை முத்து வீரப்ப நாயக்கரும் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரும். ராமன் பக்கம் தஞ்சை ரகுநாத நாயக்கர். இவர்களுக்கெல்லாம் வாரிசு நியாயத்தில் அவ்வளவு அக்கறையா? மதுரைக்கு ராயருக்குக் கப்பம் கட்டுவதிலிருந்து தப்ப வேண்டும், தஞ்சைக்கு மதுரையை மட்டம் தட்ட வேண்டும். சண்டை வேலூரில் தொடங்கினாலும் அடி விழுந்தது காவிரிக் கரையில். எதிரிகள் காவிரி அணையையே உடைத்தார்கள் என்று தஞ்சை அரசவை இலக்கியம் சொல்கிறது. 1616-17 வாக்கில் திருச்சிக்குப் பக்கத்தில் தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் செத்தான், ராமதேவனுக்கு முடி கிடைத்தது. சண்டை அதோடும் ஓயவில்லை. கடைசியில் ஜக்கராயனின் தம்பி எதிராஜனின் மகளையே ராமதேவன் மணந்து சமாதானம் ஆனான்!

1630 வாக்கில் ராமதேவன் இறந்ததும் மறுபடி வாரிசுச் சண்டை. பிறகு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கன், இளவரசனாக இருந்தபோதே தன் குடும்பத்து மன்னரை எதிர்த்து பீஜப்பூர் சுல்தானோடு கைகோத்தவன். அவனே 1642-ல் அரியணையில் உட்கார்ந்தபோது, அவனை எதிர்க்க மதுரைத் திருமலை நாயக்கர் சுல்தான்களிடம் உதவி கேட்டுப் போனார். அவரைத் துரோகி என்று திட்ட ஸ்ரீரங்கனுக்கு வாய் வந்திருக்குமா என்ன!