ஐந்து நிமிட ரயிலை நம்பி ஜேபிக்கு வீடு மாற்றலாமா?

சிங்கப்பூரில் வாடகை ஏறுகிறது, சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, போதாக்குறைக்கு எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு (ஜேபி) ஓடும் ஆர்டிஎஸ் ரயில் வேறு வரப்போகிறது. "பேசாம ஜேபி பக்கம் போயிடலாமாண்ணே?" என்று கேட்காத ஆள் இல்லை. பிள்ளைகுட்டி உள்ளவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: ரயிலை நம்பி மட்டும் போகாதீர்கள்.

ஜேபியின் புக்கிட் சாகார் ஸ்டேஷனில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாமாம். நல்லதுதான். ஆனால் நம் ஆட்கள் வீடு பார்ப்பது புக்கிட் சாகாரிலா? ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்றல்லவா பார்க்கிறார்கள்? ஸ்டேஷன் கிட்டத்தில் இல்லை என்பதால்தான் அங்கே வாடகை மலிவு. அங்கிருந்து டவுனுக்கு வரும் காலை ஜாமை எந்த ரயிலும் குறைக்கப் போவதில்லை. இந்தப் பக்கம் இறங்கினால் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி ரயில் லைன். ஆர்ச்சர்ட், மரினா பே பக்கம் ஆபீஸ் உள்ளவருக்கு வசதி. மேற்குக் கோடியில் துவாஸில் வேலை செய்பவருக்கு?

என் மச்சினன் மாசாயில் இருந்து தினமும் பைக்கில் வருகிறான். விடிவதற்கு வெகுமுன்பே புறப்பட வேண்டும். பாஸ்போர்ட் பிளாஸ்டிக் உறையில் கழுத்தில் தொங்கும், மழைக்கோட்டு சீட்டுக்கு அடியில் எப்போதும் ஈரமாகவே கிடக்கும். "மழை பேஞ்சா பாலத்துல நகராது மாமா, அதையும் கணக்குல சேத்துக்குங்க" என்பான். வாடகையில் மிச்சம் பிடித்தது உண்மை. பிள்ளை விழித்திருக்கும்போது அவன் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

சிங்கப்பூரர்களுக்கு இன்னொரு விஷயம். ஜொகூரில் வெளிநாட்டவர் வீடு வாங்க, சில இடங்கள் தவிர, குறைந்தபட்ச விலை பத்து லட்சம் ரிங்கிட். காப்பிக்கடையில் பேசப்படும் அந்த மலிவு விலை வீடு மலேசியர்களுக்குத்தான். இங்கே வீவக வீட்டை (அரசு அடுக்குமாடி வீட்டை) முழுசாக வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்றால், குறைந்தது ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசியாக இருந்தால் அதற்கும் வழியில்லை.

அந்தப் பக்கம் போக நான் மதிக்கும் காரணம் ஒன்று உண்டு: தமிழ்ப்பள்ளி. இங்கே தமிழ் ஒரு பாடம். அங்கே கணக்கும் அறிவியலும்கூடத் தமிழில் சொல்லித்தரும் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. அதற்காகப் போகிறேன் என்பவரிடம் எனக்கு வாதமே இல்லை.

2020 மார்ச் 18 யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மலேசியா எல்லையை மூடுகிறது என்றதும், ஜேபியில் இருந்து தினமும் இங்கே வேலைக்கு வந்துபோனவர்கள் முதல் நாள் ராத்திரியே ஒரு பையோடு இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். எங்கள் வரவேற்பறையிலும் இரண்டு பேர் பாய் விரித்துப் படுத்தார்கள். தடுப்பூசி போட்ட எல்லாரும் தனிமைப்படுத்தல் இல்லாமல் சாதாரணமாகப் போய்வர 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. பிள்ளை நடக்கப் பழகியதை வாட்ஸ்அப்பில் பார்த்த அப்பாக்கள் எத்தனை பேர்!

வாடகைதான் பிரச்சினை என்றால் உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் எம்ஆர்டிக்குத் தள்ளி ஒரு பழைய புளோக்கைப் பாருங்கள். உலு, அதாவது ஒதுக்குப்புறம், என்று முகம் சுளிக்காதீர்கள், ஃபீடர் பஸ் இருக்கிறது. இல்லை, ஜேபிதான் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன், மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் அந்த வீட்டு வாசலில் இருந்து உங்கள் வேலையிடம் வரை ஒரு தடவை வந்து பாருங்கள்.