அண்ணனுக்காகவே உருவாக்கிய பட்டம்

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் பட்டங்கள் என்றாலே வெறும் பகட்டு, வாயில் நுழையாத பெயர்கள் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. செபாஸ்டோக்ரேட்டர் பட்டம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

1081. கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடிக்கப் படையோடு கிளம்பிய கொம்னினோஸ் சகோதரர்களில் யார் பேரரசர் ஆவது? ஐசக் மூத்தவர். படையில் பெரும்பாலோர் விரும்பியதோ தம்பி அலெக்சியோஸை. அந்த நேரத்தில் ஐசக் செய்ததை அலெக்சியோஸின் மகள் அன்னா எழுதிவைத்திருக்கிறார். பேரரசருக்கே உரிய செந்நிறக் காலணியை எடுத்துத் தம்பி காலில் மாட்டப் போனார். தம்பி மறுக்க மறுக்க விடாமல் மாட்டியேவிட்டார். அதே நாட்டில் 1072இல்தான், அரியணை இழந்த ரோமானோஸ் டயோஜெனிஸின் கண்களைக் குருடாக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஓர் அண்ணன் இதைச் செய்தார்.

சரி, விட்டுக்கொடுத்தவருக்கு என்ன கொடுப்பது? பேரரசருக்கு அடுத்த பட்டம் சீசர். ஆனால் அதைச் சகோதரியின் கணவர் மெலிசினோஸுக்குத் தருவதாகப் பேசியாயிற்று. அவரும் அரியணை கேட்டுத் தனியே படையோடு நின்றவர். ஆகவே அலெக்சியோஸ் ஒரு புதுச் சொல்லையே செய்தார். மாண்புக்குரியவர் எனப் பொருள்படும் செபாஸ்டோஸையும் பேரரசரைக் குறிக்கும் ஆட்டோக்ரேட்டரையும் சேர்த்து செபாஸ்டோக்ரேட்டர் ஆக்கி, சீசருக்கும் மேலே அண்ணனை உட்காரவைத்தார். அது தம்பி பட்ட நன்றிக்கடன். பகட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

ஐசக்கும் கடைசிவரை தம்பி பக்கமே நின்றார். நார்மானியர்களோடு போர் மூண்டு கஜானா காலியானபோது, தேவாலயங்களின் பொன்னையும் வெள்ளியையும் கேட்டு வாங்கும் கெட்ட பெயரையும் சுமந்தார்.

அடுத்த தலைமுறையில் அதே பெயர், அதே பட்டம். அலெக்சியோஸின் மகன் ஐசக், பேரரசரான தன் அண்ணன் ஜானுக்கு எதிராகச் சதி செய்து எதிரி நாடுகளில் அலைந்தார். அதனால்தான் முதல் ஐசக்கின் பெருமை பட்டத்தால் வந்ததல்ல என்கிறேன்.

அப்புறம் 1163இல் ஜானின் மகனான பேரரசர் மானுவேல், மருமகனாக வரவிருந்த ஹங்கேரி இளவரசர் பெலாவுக்கு இதற்கும் மேலான டெஸ்பாட் பட்டம் தந்ததும் செபாஸ்டோக்ரேட்டர் பட்டம் ஒரு படி இறங்கியது. பல்கேரியாவிலும் பரவியது. சோஃபியா அருகே போயானா தேவாலயச் சுவரில், 1259இல் வரையப்பட்ட செபாஸ்டோக்ரேட்டர் காலோயான், கையில் அந்தக் கோயிலின் சிறு வடிவத்தை ஏந்தி, மனைவி தெசிஸ்லாவாவோடு இன்றும் நிற்கிறார். அந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது, தம்பியின் காலருகே குனிந்த ஐசக்தான்.