‘ஸ்நார்க்கலிங் உண்டு’ என்றால் எத்தனை நிமிடம்?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் அந்தமான் பேக்கேஜ் நோட்டீஸ் எதை எடுத்தாலும் ‘ஸ்நார்க்கலிங் உண்டு’ என்று ஒற்றை வரி. (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்கு அடியில் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங்.) தண்ணீரில் எத்தனை நிமிடம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது கிடையாது. ஹேவ்லாக் தீவின் படகுத்துறையிலிருந்து எலிஃபண்ட் பீச் போய்வரும் நேரத்தையும் சேர்த்துத்தான் ‘மூன்று மணி நேரம்’ என்கிறார்கள். ஜாலி பாய் தீவுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. அதையாவது முன்கூட்டிச் சொல்லலாமே!

பெரிய கொடுமை முகமூடிதான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை, வேறு கேளுங்கள். முடி உள்ளே மாட்டினாலும் கசியும். மீசைக்காரர்களுக்கு மூக்கடியில் தண்ணீர் இறங்கும். உடனே படகுக்காரர் பட்டையை இறுக்குவார். சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் கூடுதலாகக் கசியும். பாதிப் பேர் பவளப்பாறையைப் பார்க்காமலே கரையேறுவது இதனால்தான். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் லென்ஸ் முகமூடி உண்டா என்று பணம் கட்டுமுன்பே கேட்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கேயும் தென்மேற்குப் பருவமழை. கடல் கலங்கிக் கிடக்கும். குளச்சல் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களிடமே இதை மறைத்து ‘ஆஃபர்’ விற்பது என்ன நியாயம்?