மார்லோ சாராயக்கடையில் சாகவில்லை

நேற்றிலிருந்து எல்லோர் டைம்லைனிலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பற்றித்தான். லிங்க் தரமாட்டேன், ஏற்கெனவே போதுமான புண்ணியம் சேர்ந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ சாராயக்கடையில் போதையில் சண்டை போட்டுச் செத்தாராம், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறதாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு, அதற்கு இத்தனை ஹார்ட்டின்.

சாராயக்கடை இல்லை சார். வீடு. லண்டனை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் எலினார் புல் என்ற விதவையின் வீடு. 1593 மே 30 காலை பத்து மணிக்கு அங்கே நான்கு பேர் கூடுகிறார்கள்: மார்லோ, இங்ரம் ஃப்ரைசர், நிக்கலஸ் ஸ்கியர்ஸ், ராபர்ட் போலி. மதியச் சாப்பாடு, தோட்டத்தில் நடை, மாலை ஆறு மணிக்கு மறுபடி சாப்பாடு. அப்புறம் பணத்தை யார் கட்டுவது என்று தகராறு. மார்லோ கட்டிலில் படுத்திருக்கிறார். ஃப்ரைசர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் மற்ற இருவர். மார்லோ ஃப்ரைசரின் கத்தியையே உருவி அவர் தலையில் இரண்டு காயம் போடுகிறார். மல்லுக்கட்டில் அதே கத்தி, விலை 12 பென்ஸ், மார்லோவின் வலது கண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் இறங்குகிறது. அந்த இடத்திலேயே உயிர் போகிறது. வயது 29.

இது என் கற்பனை இல்லை. ஜூன் 1 அன்று அரண்மனை கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) வில்லியம் டேன்பி 16 ஜூரர்களை வைத்து நடத்திய விசாரணையின் அறிக்கை. அதில் போதை என்று ஒரு வார்த்தை கிடையாது. பிறகு போதை, பெண், சாராயக்கடை எல்லாம் எங்கிருந்து வந்தது? 1597-இல் தாமஸ் பியர்ட் லண்டன் தெருவில் தெய்வம் தண்டித்தது என்று எழுதினார். அடுத்த வருஷமே ஃபிரான்சிஸ் மியர்ஸ் காதல் போட்டி என்று மசாலா சேர்த்தார். நம்ம ஆள் 400 வருஷம் கழித்து ஃபார்வர்ட் செய்கிறார், அவ்வளவுதான்.

கல்லறைக்கு வருகிறேன். புதைத்தது அதே ஜூன் 1, டெப்ட்ஃபோர்ட் செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தில். லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயில் ஏறினால் டெப்ட்ஃபோர்ட், அங்கிருந்து நடக்கிற தூரம். வாசல் தூண்களில் கல்லில் செதுக்கிய மண்டையோடு இருக்கும், அதுதான் அடையாளம். உள்ளே போய்க் கல்லறைக் கல்லாகத் தேடாதீர்கள், கிடைக்காது. சுவரில் ஒரு நினைவுப் பலகை, அவ்வளவே. புதைத்த குழி எது என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தேவாலயப் பதிவேட்டிலும் ஒரு கூத்து. கொன்றவர் பெயரை இங்ரம் என்பதற்குப் பதில் ஃபிரான்சிஸ் என்று எழுதிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஃப்ரைசரை 'ஆர்ச்சர்' என்று வாசித்தார்கள். இல்லாத ஆர்ச்சரைத் தேடினால் என்ன கிடைக்கும்? கடைசியில் லெஸ்லி ஹாட்சன் என்ற ஆய்வாளர் பழைய அரசு ஆவணங்களில் இங்ரம் ஃப்ரைசர் என்ற பெயரைப் பார்த்து, அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டே போய் விசாரணை அறிக்கையைக் கண்டெடுத்து 1925-இல் வெளியிட்டார். ஒருத்தர் இப்படித் தூசி தட்டி எடுத்ததைப் படிக்கக்கூட நேரமில்லை, பதிவு போட நேரமிருக்கிறது.

"அந்த அறிக்கையே ஜோடிப்பு" என்பீர்கள். இருக்கலாம், நானும் முழுசாக நம்பவில்லை. கூட இருந்த ராபர்ட் போலி என்பவர் அரசாங்கத்தின் ஒற்றர். மார்லோவோ மே 20 முதல் தினமும் பிரிவி கவுன்சில் (ராணியின் ஆலோசனை சபை) முன் ஆஜராக வேண்டிய நிலையில் இருந்தவர். ஃப்ரைசருக்கு ஜூன் 28-லேயே ராணியின் மன்னிப்பு கிடைத்துவிட்டது. சந்தேகப்பட நிறைய இருக்கிறது. ஆனால் இதெல்லாம் சேர்ந்தால் கதை சாராயக்கடையிலிருந்து இன்னும் தள்ளித்தானே போகிறது?

"சாகவே இல்லை, ஷேக்ஸ்பியர் பெயரில் எழுதினார்" கோஷ்டிக்குப் பதில் சொல்கிற தெம்பு இன்று இல்லை.

"இதுக்குப் போய் இவ்வளவு குதிப்பா?" என்றும் கேட்டாகிவிட்டது. பணிவாகத்தான் கமென்ட் போட்டேன், 'புரொஃபசர் வந்துட்டார்' என்று சிரிப்பு எமோஜி. கேன்டர்பரியில் செருப்புத் தைத்தவர் மகன், உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய், டாம்பர்லேன், ஃபாஸ்டஸ் என்ற நாடகங்களை எழுதிய மனுஷன். அவர் எழுதியதில் ஒரு வரி வேண்டாம், செத்த விதம் மட்டும் வேண்டும். அதையும் தப்பாக.

அபேயில் இருப்பது கல்லறை இல்லை, 2002-இல் வைத்த கண்ணாடி ஜன்னல். அங்கேயும் விட்டார்களா? அதில் செத்த வருஷம் 1593-க்கு முன்னால் ஒரு கேள்விக்குறி! 16 பேர் பிணத்தைப் பார்த்தாயிற்று, தேவாலயம் புதைத்துப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. இன்னும் என்னய்யா கேள்வி?