சமூகத் தோட்டத்தில் பெயர்ப்பலகை எதற்கு?

பேட்டையில் இருக்கும் சமூகத் தோட்டத்தில் சேரலாமா என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் கேட்கிறார்கள்: "நமக்குன்னு ஒரு பாத்தி தருவாங்களா?" தரக்கூடாது என்பதுதான் என் கட்சி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனிப் பாத்தி கேட்பதில் தப்பில்லை. அதற்கென்றே சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் பாத்திகளைக் குத்தகைக்கு விடுகிறது. 2016இல் ஹார்ட்பார்க் பூங்காவில் ஆரம்பித்தார்கள். உயர்த்திக் கட்டிய தொட்டி, 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், மூன்று வருடக் குத்தகை, ஆண்டுக்குச் சுமார் 60 வெள்ளி. குலுக்கலில் பெயர் விழுந்தால் அந்தத் தொட்டி உங்கள் ராஜ்ஜியம். ரோஜா வையுங்கள், முள்ளங்கி போடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே இருப்பது அது இல்லை. 2005இல் கம்யூனிட்டி இன் புளூம் என்ற திட்டமாகத் தொடங்கி இன்று தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் பெருகிவிட்ட தோட்டங்கள் அவை. நிலம் பொது, குழாய் பொது, வேலை செய்கிற அத்தனை பேரும் தொண்டூழியர்கள். அங்கே போய்க் கயிறு கட்டி அளந்து, லேமினேட் செய்த பெயரைக் குச்சியில் குத்தி வைத்தால் பொதுநிலத்தில் பத்துப் பேருக்குக் கொல்லைப்புறம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

முன்பு குடியிருந்த பேட்டையில் அப்படித்தான் நடந்தது. வேலிக் கதவில் பூட்டு, சாவி சிலரிடம் மட்டும். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒருவர் மலேசியா போய்விடுவார். பிப்ரவரி வெயிலில் அவர் கீரை வாடித் தொங்கும். பக்கத்துப் பாத்திக்காரர் கையில் குழாயோடு நிற்பார், ஆனால் ஊற்றமாட்டார். கேட்காமல் ஊற்றினால் வம்பு வருமாம். இன்னொருவர் நட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதே இல்லை. அவருடைய கத்தரியில் மாவுப்பூச்சி ஏறியது. மாவுப்பூச்சிக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. எறும்பு அதைச் சுமந்துகொண்டு போய் எல்லார் செடியிலும் குடிவைத்தது. அப்போதும் அந்தக் கத்தரியைப் பிடுங்க ஒருவருக்கும் கை வரவில்லை, ஏனென்றால் அது "அவருடையது".

இப்போது இருக்கும் தோட்டத்தில் பாத்தி பிரிப்பதில்லை. சனிக்கிழமை காலை வந்தவர்கள் சேர்ந்து வேலை செய்கிறோம். பறித்ததைக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் பரப்புகிறோம். வேலை செய்தவர்களுக்கு முதல் பங்கு, மீதி வாடகை வீட்டு புளோக்கில் இருக்கும் முதியவர்களுக்கு. சண்டை வராதா? வரும். பந்தல் ஒன்றுதான், அதில் எந்தப் பாகற்காய் ஏற்றுவது என்று பெரிய விவாதமே நடந்தது. நமக்கு முள்முள்ளாகக் கரும்பச்சையில் இருக்க வேண்டும். சீனப் பெரியவர் ஒருவர், வெளிறிப்போய்க் குண்டாக இருப்பதுதான் சூப்புக்கு ஆகும் என்றார். பாதிப் பாதி போட்டோம். இரண்டும் ஒரே செடியின் வகைகள்தானே, தேனீ இங்கேயும் அங்கேயும் உட்கார்ந்துவிட்டது. எடுத்துவைத்த விதையில் அடுத்த முறை வந்தது இதுவுமில்லை அதுவுமில்லை, வெளிர்பச்சையில் அரைகுறை முள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் சமைத்தோம். இதை இன நல்லிணக்கக் கதையாக்கிவிடாதீர்கள், அதற்கப்புறம் விதையைக் கடையில்தான் வாங்குகிறோம்.

பொது என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பார்கள். எங்கள் கறிவேப்பிலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவசரத்தில் கையால் உருவிப் பட்டையைக் கிழித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். இப்போது வேலியில் ஒரு கத்தரிக்கோல் கட்டித் தொங்குகிறது. நுனியை ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இடத்திலிருந்து புதுக் கிளை வெடிக்கும். பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி காயிலேயே சத்தைச் செலவழிக்கும். இலை மேல் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் இல்லை, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகி ஒரே வாரத்தில் ஒரு கிளையை மொட்டையடித்துவிடும். மருந்து அடிக்கலாம் என்று ஒருவர் தெளிப்பானோடு வந்தபோது நான்தான் தடுத்தேன். காலையில் பறித்து நேரே தாளிப்பில் போடுகிறவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? சொந்தச் செடி என்றால் அடித்துவிட்டு நாள் எண்ணிக் காத்திருக்கலாம். பொதுச் செடியில் அது முடியாது. புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் இருக்கும் எலுமிச்சைக்கு மாற்றினோம். எலுமிச்சை பாவம்தான்.

திருட்டு? நடக்கிறது. பப்பாளி பழுத்து நான் பார்த்ததே இல்லை, காயாக இருக்கும்போதே போய்விடும். ஒருமுறை மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள், அன்றைக்கு எனக்கும் பூட்டு வாங்கும் ஆசை வந்தது. இரவில் பூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை, யாரைக் கேட்க வேண்டும் என்று கதவிலேயே எழுதி வையுங்கள். அந்தத் தகவல் இல்லாத பூட்டு, திருடனோடு சேர்த்து வேலை செய்ய வருகிறவரையும் தடுத்துவிடும்.

இன்னொன்று. இதை உணவுப் பாதுகாப்பு என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. 2020இல் பதிவு செய்த வீடுகளுக்கு விதைப் பொட்டலம் வந்தது, எத்தனை வீட்டில் தொட்டி இன்னும் இருக்கிறது? எங்கள் தோட்டம் ஒரு வாரத்துக்கு ஒரு மாடிக்குக்கூடச் சோறு போடாது. தேக்கா சந்தையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் வெண்டைக்காய்க்காக வியர்க்க வந்தவர்கள் மூன்றாவது வாரம் காணாமல் போவார்கள்.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. முருங்கைக்கீரை இருக்கா, பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கிடைக்குமா என்று வாட்ஸ்அப் வருகிறது. மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வாருங்கள் என்றால் நீல டிக் மட்டும்தான் வருகிறது. பந்தலுக்கு நட்ட மூங்கிலின் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். ஒவ்வொரு மூங்கிலாகப் பார்த்து மணல் போட்டு அடைக்க வேண்டும், பூவாளிகளைக் கவிழ்க்க வேண்டும். புகைப்படத்துக்கு ஆகாத வேலை. டெங்கி வந்தால் முதலில் மூடச் சொல்வது தோட்டத்தைத்தான் என்று பயந்துகொண்டு இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய பாட்டிமார்கள்.

சேர நினைப்பவர்கள் உங்கள் வசிப்போர் அமைப்பிடமோ சமூக மன்றத்திலோ கேளுங்கள், எந்தப் புளோக் பக்கம் தோட்டம் இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்வார்கள். போனதும் பாத்தி கேட்காதீர்கள், என்ன வேலை பாக்கி என்று கேளுங்கள். எங்களிடம் இப்போது பாக்கி எரு புரட்டுவது. காய்ந்த இலை நிறைய இருக்கிறது, காப்பிக்கடைக்காரர் காப்பிச் சக்கை தருகிறார், புரட்டத்தான் ஆள் இல்லை. வீட்டிலிருந்து காய்கறித் தோல் கொண்டுவரலாம். சமைத்த சோறும் மீன்முள்ளும் வேண்டாம், எலி வரும்.