படித்துவிட்டுத் திட்டுங்கள்

ஒரு நாவல் சரியில்லை என்று யாராவது நாலு பத்தி எழுதினால் போதும், பொழுது சாய்வதற்குள் இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். "உங்களால் இப்படி ஒரு பக்கம் எழுத முடியுமா?" என்பது ஒன்று. "ஒருத்தரோட உழைப்பை இப்படியா கேவலப்படுத்துவது?" என்பது இன்னொன்று. இரண்டுமே விமர்சகரின் வாயை அடைக்கக் கேட்கப்படுபவை. எனக்கு இரண்டின் மீதும் மரியாதை இல்லை.

முதல் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்வது சுலபம். இங்கே கறாராக விமர்சித்தவர்களில் பலர் எழுதியும் காட்டியவர்கள். 'ரசமட்டம்' என்ற பெயரில் வந்து சாடியவர் புதுமைப்பித்தன். 'பொய்த்தேவு' நாவலை எழுதியவர் க.நா.சு. என்கிற க.நா.சுப்ரமண்யம். 'வாடிவாசல்' எழுதியவர் சி.சு.செல்லப்பா. ஆனால் இதை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் கதையோ கவிதையோ எழுதிப் பெயர் வாங்கியவர் இல்லை. அவர் அளவுக்குக் காட்டமாக எழுதியவர்களும் குறைவு. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி, ராத்திரி கண்விழித்துப் படித்து முடித்தவருக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. வேறு சான்றிதழ் எதற்கு?

உழைப்பு என்கிறார்கள். சரி, நல்ல நாவலுக்கும் உழைப்புதான், மோசமான நாவலுக்கும் உழைப்புதான். நானூறு பக்கத்தைப் படிப்பதும் உழைப்புதான், அதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையில் நான் கவலைப்படுவது நம்முடைய புகழ்ச்சியைப் பார்த்துத்தான். ஒரு வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாழ்த்துரை வழங்க வந்தவர் மேடையில் உட்கார்ந்தபடியே பின்னட்டையைப் படித்தார். அப்புறம் முன்னுரையைப் புரட்டினார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் பேசினார். நூலாசிரியரின் பண்பு, அவர் வீட்டுச் சாப்பாடு, இருவருக்கும் இருக்கும் பழைய நட்பு எல்லாம் வந்தன. பதினொரு கதைகள் கொண்ட தொகுப்பில் ஒரு கதையின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்தாளர் மூன்று வருடம் எழுதிய கதைகளுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கிறது? யாராவது ஒருவர் எழுந்து, "ஏழாவது கதை எனக்குப் பொய்யாகப் பட்டது, ஏனென்றால்..." என்று ஆரம்பித்திருந்தால் அதுதான் அவருக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கும்.

அந்த 'ஏனென்றால்' முக்கியம். 1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. விமர்சனத்துக்கு என்றே ஓர் இடம் வேண்டும் என்று பிடிவாதமாக நடத்தினார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். க.நா.சு.வுக்கும் அவருக்கும் இருந்த கருத்து வேறுபாடு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. க.நா.சு. தன் ரசனையை நம்பியவர். இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடுவார். செல்லப்பாவுக்கு அது போதாது. எந்த வரி, எந்த இடம், கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, அது எங்கே உடைகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயரே வந்தது. க.நா.சு.வின் பட்டியல்களுக்கு நான் நிறையக் கடன்பட்டவன், நல்ல புத்தகங்கள் பலவற்றை அவர் வழியாகத்தான் கண்டடைந்தேன். ஆனால் ஒருவருடைய படைப்பை நிராகரிக்கும்போது செல்லப்பாவின் வழிதான் நியாயம். நிராகரிக்கப்பட்டவருக்குத் திருப்பி வாதாட ஏதாவது கையில் கொடுக்க வேண்டும் அல்லவா? 'குப்பை' என்ற ஒற்றைச் சொல்லோடு யார்தான் வாதாட முடியும்?

எங்கள் ஊரில் ஒரு மூத்த கவிஞர் இருக்கிறார். நண்பர் ஒருவர் தன் முதல் தொகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்டார். பெரியவர் பென்சிலை எடுத்து ஒரு கவிதையின் ஐந்தாவது வரிக்குக் கீழே கோடு போட்டார். "கவிதை இங்கேயே முடிஞ்சு போச்சு தம்பி. இதுக்குக் கீழே இருக்கிற மூணு வரியும் எங்களுக்குப் புரியாதோன்னு பயந்து நீங்க எழுதினது" என்றார். நண்பருக்கு முகம் செத்துவிட்டது. இன்றுவரை பெரியவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் இரண்டாம் பதிப்பில் அந்தக் கவிதை ஐந்து வரியோடு நிற்கிறது.

ஆளைத் தொடுவது வேறு. கவிதையில் பிழை விட்டவர்களின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டினார் என்று கதைகள் உண்டு. பிழை விட்டவர் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, அறுக்க வில்லி இல்லை, வெட்டக் கூத்தன் இல்லை, அதனால்தான் கண்டவரும் புலவர் என்று திரிகிறார்கள் என்று படிக்காசுப் புலவர் பெயரில் ஒரு பாட்டே இருக்கிறது. நம் ஆட்கள் அதை ரசித்து ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. பிழை பாட்டில் இருக்கும்போது காதை எதற்கு அறுக்க வேண்டும்? இன்றைக்கு இடைவேளையிலேயே மைக் முன்னால் நின்று நடிகையின் உடம்பையும் இயக்குநரின் சாதியையும் பேசுகிறவர்கள் செய்வது அதே காதறுப்பு. அதை விமர்சனக் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை.

அதற்காகத் தடை கேட்பதையும் ஏற்க முடியாது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்று 2024இல் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துரிமை இருக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. சரியான முடிவு. முதல் மூன்று நாளில்தான் வசூலே நடக்கிறது. டிரெய்லர், பேட்டி, மேடை என்று புகழை மட்டும் வெளியீட்டுக்கு முன்பே ஊரெல்லாம் கொட்டலாம், டிக்கெட் வாங்கியவர் மட்டும் திங்கட்கிழமை வரை வாயைத் திறக்கக்கூடாது என்றால் எப்படி?

எல்லோரையும் ஒரே வேகத்தில் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதல் கதையைத் தன் சுவரில் பகிரும் கல்லூரிப் பிள்ளையிடம் காட்டம் காட்டுவதில் என்ன வீரம் இருக்கிறது? சொல்ல வேண்டியதை உள்பெட்டியில் சொல்லலாம். விருதும் பதவியும் பதிப்பகத்தின் பலமும் சேர்ந்து ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் கடுமை தேவைப்படுகிறது. நாவலாசிரியர் அகிலனுக்கு 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தபோது எழுத்தாளர் சுந்தர ராமசாமி அதை மறுத்து 'போலி முகங்கள்' என்ற கட்டுரையை எழுதினார். அகிலனின் வாசகர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு அது. அதைப் பற்றி அன்று ஒருவர்கூட மறுத்துப் பேசாமல் இருந்திருந்தால் நமக்குத்தான் வெட்கம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் பரவலாகக் கொண்டாடப்பட்ட ஒரு நாவலைப் பற்றி அடுத்த வாரம் எழுதப்போகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர் என் நட்பு வட்டத்தில் இருப்பவர், நல்ல மனிதர். இரண்டு முறை படித்துவிட்டேன். மூன்று அத்தியாயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், பக்க எண்ணோடு எழுதுவேன். அண்ணே, பதிவு வந்ததும் உங்களுக்கே முதலில் அனுப்புகிறேன். நான் தவறாகப் படித்திருக்கிறேன் என்று தோன்றினால் நீங்களும் பக்க எண்ணோடு வாருங்கள்.