செத்தாலும் அந்தச் சீட்டு அவனுடையதுதான்

டச்சுக் குடாப் பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இனிப் பேச வேண்டாம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். பேசத்தான் போகிறேன்.

மெஜிக் என்கிற ஆங்கிலச் சீட்டாட்டத்தில் மகன் எல்விஷ் விஷனரி என்ற உயிரி அட்டையை இறக்கினான். அது களத்துக்கு வந்ததும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. எதிரே இருந்தவர் உடனே லைட்னிங் போல்ட் என்கிற தாக்கும் அட்டையைப் போட்டார். அது 3 அடி, ஒரு அடிக்கே சாகும் 1/1 உயிரி தாங்குமா? செத்தது. அதில் எனக்கு வழக்கில்லை. மகன் கட்டின் மேல் சீட்டில் விரலை வைத்தான். "செத்தவன் எப்படித் தம்பி சீட்டு எடுப்பான்?" என்றார் தீர்ப்புச் சொன்ன பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

தீர்ப்புப் பிழை. உயிரி வந்ததும் அதன் ட்ரிகர், அதாவது சீட்டு எடுக்கச் சொல்லும் திறன், ஸ்டாக் என்கிற அடுக்கில் ஏறிவிட்டது. போல்ட் அதற்கு மேலே ஏறியது. கடைசியாக ஏறியது முதலில் நடக்கும். உயிரி செத்தது அதனால்தான். ஆனால் ட்ரிகர் அடியில் அப்படியே கிடக்கிறது, அடுத்து அதன் முறை. ஏறிய திறனுக்கும் அதைத் தந்த அட்டைக்கும் பிறகு தொடர்பில்லை, அட்டையை அழித்தாலும் திறன் போகாது என்கிறது விதி 113.7ஏ. 1999இல் ஆறாம் பதிப்போடு ஸ்டாக் வந்தது முதல் இதுதான் முறை. தடுக்க வேண்டுமென்றால் ஸ்டைஃபிள் போல, திறனையே முறிக்கும் அட்டை வேண்டும். உயிரியைக் கொன்று பயனில்லை.

சில திறன்களில் 'இருந்தால்' என்று நிபந்தனை வரும், நடக்கும்போது அதை மறுபடி பார்ப்பார்களே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. இந்த அட்டையில் அந்தச் சொல்லே கிடையாது.

வீட்டு ஆட்டத்துக்கு விதி எதற்கு என்கிறீர்கள். திண்ணையில் 304 என்ற கடதாசி ஆட்டம் ஆடும்போது ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்பதை யாராவது மாற்றுகிறீர்களா? மாற்றினால் மாமாமார் கடதாசியை வீசிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். பிள்ளை எழும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மட்டக்களப்பில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் அம்மம்மா மூதூரிலிருந்து கடிதம் போட்டார். அது வருமுன் அவர் போய்விட்ட செய்தி வந்தது. எட்டுச்செலவு முடிந்து விடுதிக்குத் திரும்பினால் கட்டிலில் அந்தக் கடிதம் கிடந்தது. உள்ளே நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாள். போட்டவர் இல்லை என்று தபால்காரர் அதைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. பின்னால் புறப்பட்ட செய்தி முன்னால் வந்தது, கடிதமும் வந்து சேர்ந்தது. இந்த விதியை மகனுக்கு நான் விளங்கப்படுத்தியது இந்தக் கதையைச் சொல்லித்தான்.

"விளையாட்டுத்தானே அக்கா" என்று எனக்குச் சொல்லாதீர்கள். ஆங்கில விதிநூலை அகராதி வைத்துக்கொண்டு இரவிரவாக வாசித்தவன் அவன். சரியாகத் தெரிந்த ஒன்றைப் பெரியவர்கள் சிரித்ததற்காகப் பிழை என்று நம்பிவிட்டான். ஞாயிறுக்குப் பிறகு கட்டைத் திறக்கவே இல்லை.

ஐயா, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அடுத்த முறை அவனைக் கண்டால், "அந்தச் சீட்டு உன்னுடையதுதான் தம்பி, எடு" என்று மட்டும் சொல்லுங்கள்.